ரயிலில் ஆள் அடிபட்ட பிறகு லோகோ பைலட்டுக்குத் துணை நிற்பது எப்படி?

மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விரைவு ரயில், அவசர பிரேக் போட்ட பிறகும் பல நூறு மீட்டர் கடந்துதான் நிற்கும் என்பதால், தண்டவாளத்தில் ஆளைக் கண்ட லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்) ஹாரன் அடிப்பதையும் பிரேக் போடுவதையும் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. இது அவருக்கே நன்றாகத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்த்த அந்த முகமும், இன்ஜினுக்கு அடியில் எழுந்த சத்தமும் அவரை எளிதில் விடுவதில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கும் உதவி லோகோ பைலட்டையும், உடலை அப்புறப்படுத்தும் டிராக்மேன்களையும் (தண்டவாளப் பராமரிப்பு ஊழியர்கள்) பெரும்பாலும் யாரும் விசாரிப்பதே இல்லை. அவர்களையும் மறக்க வேண்டாம்.

முதல் வேலை, மாற்று ஊழியரை ஏற்பாடு செய்வதுதான். கை நடுங்கும் ஒருவரை அடுத்தடுத்த சிக்னல்களைப் பார்த்து ஓட்டச் சொல்வது பயணிகளுக்கும் ஆபத்து. அமெரிக்காவில் 2014இல் வந்த விதி, ஊழியர் கேட்டுக்கொண்டால் அன்றைய மீதிப் பணியிலிருந்து அவரை விடுவிக்க வேண்டும் என்று பெரிய ரயில் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. கேட்கவே தயங்குபவர்கள் அதிகம் என்பதால், மேலாளரே முன்வந்து விடுவிப்பது இன்னும் நல்லது.

ஓட்டுநர்கள் பணிக்கு வந்ததையும் முடித்ததையும் பதிவுசெய்யும் லாபிக்கு வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குப் போன் பேசச் செய்யுங்கள். தனியே அனுப்ப வேண்டாம். அறிக்கைக்குத் தேவையானதை ஒரே முறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நடந்ததை விலாவாரியாகச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்றே உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி வழிகாட்டி கூறுகிறது. அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள். "எனக்கும் நாலு தடவை ஆயிருக்கு, பழகிடும் தம்பி" என்று மூத்தவர்கள் சொல்வது ஆறுதல் ஆகாது. தூங்குவதற்காக மது வாங்கிக் கொடுப்பது பெரும் தீங்கு.

முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்பே. ஒரு மாதம் கடந்தும் அவை தணியாவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே போனால் மருத்துவத் தகுதியில் கீழிறக்கிவிடுவார்களோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அப்படித் தயங்குபவருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுங்கள். அது ரயில்வேயைச் சேராத, மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் தொடங்கிய இலவசத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. தமிழிலேயே பேசலாம்.

சம்பவம் நடந்த இடத்தை முதன்முறை மீண்டும் கடக்கும்போது, லோகோ பைலட்டுகளை மேற்பார்வையிடும் லோகோ இன்ஸ்பெக்டர் ஒருவர் கேபினில் உடன் செல்வது அவசியம். அந்தக் கிலோமீட்டர் கல் நெருங்கும்போது லோகோ பைலட்டின் கை தானாக ஹாரனுக்குப் போகலாம். அடித்துக்கொள்ளட்டும், எதுவும் சொல்ல வேண்டாம்.