இதய ஒலிகளைக் கேட்கப் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டெதஸ்கோப்பை வைத்தவுடன் மர்மர் (இரத்த ஓட்டம் குழம்புவதால் எழும் கூடுதல் இரைச்சல்) இருக்கிறதா என்று தேடத் தொடங்குவதே மாணவர்கள் செய்யும் முதல் தவறு. எது முதல் ஒலி, எது இரண்டாவது ஒலி என்பது முதலில் தெளிவாக வேண்டும். கழுத்தின் கரோட்டிட் நாடியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டால், துடிப்பை ஒட்டி வருவது முதல் ஒலி. மணிக்கட்டு நாடி சற்றுத் தாமதித்து வருவதால், அதை நம்பினால், இதயம் வேகமாகத் துடிக்கும் நோயாளியிடம் சிஸ்டோலும் (இதயம் சுருங்கும் நேரம்) டயஸ்டோலும் (அது விரியும் நேரம்) இடம் மாறிவிடும். டயஸ்டோலில் கேட்கும் மர்மர் எதுவானாலும் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை) எடுத்துப் பார்த்தாக வேண்டும் என்பதால் இது சிறிய குழப்பமன்று.

சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், மார்கழிக் குளிரில் ஸ்வெட்டரும் சால்வையுமாக வரும் காப்பித் தோட்டத் தொழிலாளியை, உடை மேலேயே வைத்துப் பார்த்து அனுப்பிவிடத் தோன்றும். துணி உரசும் ஓசையில் மெல்லிய மர்மர் மறைந்துபோகும். திரையை இழுத்து, கருவியின் தலைப்பகுதியை உள்ளங்கையில் சூடாக்கி, தோலின் மீது வைத்தே கேட்க வேண்டும். குளிர்ந்த உலோகம் பட்டு உடல் நடுங்கினால், தசையின் அதிர்வே இரைச்சலாகக் கேட்கும்.

மிக அதிகமாகத் தவறவிடப்படுவது மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு சுருங்குவது) என்பது என் கருத்து. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு கூடும்போதுதான் மூச்சிரைப்பு தலைகாட்டும். "மேடு ஏறினா மூச்சு வாங்குது டாக்டர்" என்று சேர்வராயன் மலைக் கிராமத்துப் பெண் சொன்னால், மேட்டின் மீதோ இரத்தசோகையின் மீதோ பழியைப் போட்டுவிடுவது எளிது. இரத்தசோகையிலும் கர்ப்பத்திலும் மென்மையான சிஸ்டாலிக் மர்மர் கேட்பதுண்டு. டயஸ்டாலிக் மர்மருக்கு அந்தச் சமாதானம் போதாது. அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் செய்து, இதய முனைத் துடிப்பை விரலால் தேடி, சரியாக அந்த இடத்தில் ஸ்டெதஸ்கோப்பின் பெல் பகுதியை (தாழ்ந்த ஒலிகளைக் கேட்க உதவும் கிண்ணம் போன்ற பக்கம்) வைத்து, மூச்சை வெளியே விட்ட நிலையில் கேட்க வேண்டும். தொலைவில் மலைப்பாதையில் ஏறும் லாரியின் உறுமலைப் போன்ற தாழ்ந்த ஒலி அது. பெல்லை அழுத்திப் பிடித்தால், அடியிலுள்ள தோல் விறைத்து டயஃப்ரமாகவே (உயர்ந்த ஒலிகளைக் கேட்க உதவும் தட்டையான சவ்வுப் பக்கம்) மாறி அந்த ஒலியை வடிகட்டிவிடும்.

அயோர்ட்டா வால்வின் (இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வாயிலிலுள்ள வால்வு) கசிவுக்கு முறை வேறு: நோயாளியை உட்கார்ந்து முன்சாயச் சொல்லி, மூச்சை விட்டு நிறுத்தச் செய்து, மார்பெலும்பின் இடது ஓரத்தில் டயஃப்ரத்தை நன்றாக அழுத்த வேண்டும்.

மூச்சை இழுக்கும்போது இரண்டாவது ஒலி பிளவுபடுவது இயல்பே. மூச்சை விட்டாலும் இடைவெளி மாறாமல் நின்றால்தான் இதய மேலறைச் சுவரில் ஓட்டை இருக்குமோ என்று ஐயுற வேண்டும். சத்தம் பெரிதானால் நோயும் பெரிது என்று கொள்வதும் தவறு. கீழறைச் சுவரின் சிறு ஓட்டை உரக்க ஒலிக்கும். வலுவிழந்த இதயத்தில், மிகவும் சுருங்கிய வால்வும் தணிந்தே ஒலிக்கும்.

எக்கோ அறிக்கையைப் படித்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுப்பவருக்கு, அதில் எழுதியிருப்பதெல்லாம் கேட்பதுபோலவே இருக்கும். கேட்டதன் இடம், நேரம், பரவும் திசை ஆகியவற்றை முதலில் எழுதி வைத்து, பிறகு அறிக்கையைத் திறந்து, வேறுபட்டால் நோயாளியின் அனுமதியுடன் அதே இடத்தில் மறுபடியும் கேட்க வேண்டும்.