'மேக்' என்ற ஆங்கில வினை: நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

'மேக்' என்றால் செய், 'டூ' என்றாலும் செய். பள்ளியில் இப்படித்தான் மனப்பாடம் செய்தோம். 'டிட் எ மிஸ்டேக்' என்ற தவறு நம் நாவில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான். 'மேட் எ மிஸ்டேக்' என்பதே சரி.

இரண்டும் வேர் முதலே வேறு. 'மேக்' பழைய ஆங்கிலத்தில் 'மாக்கியன்' என்று வழங்கியது. ஜெர்மன் மொழியின் 'மாகென்' இதன் உடன்பிறப்பு. இவற்றின் மூலம் பிசைதல், உருக்கொடுத்தல் என்ற பொருள் கொண்ட தொல்வேர் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். 'டூ' என்பதன் வேருக்கோ இடுதல், வைத்தல் என்று பொருள். 'மேக்' என்பதன் இறந்தகால வடிவத்தில் இருந்த 'க்' ஒலி இடைக்கால ஆங்கிலத்தில் தேய்ந்துபோனதால்தான் இன்று 'மேட்' என்கிறோம்.

பிசைந்தால் ஓர் உருவம் வரும். பெரும்பாலான இடங்களில் 'மேக்' அப்படி விளைந்து நிற்பதைக் காட்டும். 'டூ' வேலையைக் காட்டும். தவறு, வாக்குறுதி, சத்தம், திட்டம் எல்லாம் முன்பு இல்லாமல் புதிதாக வந்தவை, 'மேக்' போடுங்கள். வீட்டுப்பாடம், உடற்பயிற்சி, பாத்திரம் கழுவுதல் ஆகியவை வேலைகள், 'டூ' போடுங்கள். விலக்குகள் உண்டு. 'மேக் த பெட்' என்றால் கட்டில் செய்வதல்ல, படுக்கையை ஒழுங்குபடுத்துவது. 'டேக் எ டிசிஷன்' என்பதைத் தவறென்று திருத்துகிறவர்களை நம்ப வேண்டாம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் அது நல்ல வழக்கு. அமெரிக்கர்கள் 'மேக்' என்பார்கள்.

அடுத்த தவறு ஆங்கிலத்தில் நன்றாக எழுதுபவர்களிடமும் இருக்கிறது. 'ஹி மேட் மீ டு வெயிட்' என்று எழுதுகிறோம். தமிழில் 'காத்திருக்க வைத்தார்' என்கிறோம் அல்லவா? அந்தக் 'காத்திருக்க' என்ற எச்சம் நம் மனத்தில் 'டு வெயிட்' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இங்கே 'டு' வராது: 'ஹி மேட் மீ வெயிட்'. ஆனால் செயப்பாட்டு வினையாக மாற்றினால் 'டு' கட்டாயம்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில் 23ஆம் சங்கீதம் 'ஹி மேக்கெத் மீ டு லை டவுன்' என்று 'டு' சேர்த்தே சொல்கிறது. அந்தக் கால ஆங்கிலத்தில் இரு வழக்கும் இருந்தன. இன்றைய கடிதத்துக்கும் தேர்வுத்தாளுக்கும் அந்தச் சான்று உதவாது.

'தே மேட் ஹிம் ஆஸ் கேப்டன்' என்ற தவறும் தமிழிலிருந்தே வருகிறது. 'அவரைக் கேப்டனாக ஆக்கினார்கள்' என்பதில் உள்ள 'ஆக' என்ற உருபை 'ஆஸ்' என்று பெயர்த்துவிடுகிறோம். 'தே மேட் ஹிம் கேப்டன்' என்றாலே வாக்கியம் முழுமையடைந்துவிடும். 'அப்பாயின்ட்' என்ற வினையோடு 'ஆஸ்' வரலாம், வராமலும் இருக்கலாம். 'மேக்' என்பதோடு வரவே வராது. 'மேட் மீ ஹேப்பி' என்பதும் அப்படியே, இடையில் எதுவும் வேண்டாம்.

'மேட் ஆஃப்', 'மேட் ஃப்ரம்' குழப்பத்துக்கு ஒரு தேக்கு நாற்காலியின் கைப்பிடியைப் பாருங்கள். மரத்தின் ரேகைகள் அப்படியே தெரியும். பொருள் மாறாமல் கண்ணுக்குத் தெரிந்தால் 'ஆஃப்'. ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதுவும் மரக்கூழிலிருந்து வந்ததுதான், ஆனால் மரத்தின் அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. மூலப்பொருள் உருமாறிப் போயிருந்தால் 'ஃப்ரம்'. பாலிலிருந்து வந்த பன்னீருக்கும் 'ஃப்ரம்' தான். கேக்கில் முட்டை இருக்கிறது என்று சேர்மானத்தைச் சொல்லும்போது 'மேட் வித்'.

கடைசியாக 'மேக் அப்'. முகப்பூச்சு மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. வினையாக வரும்போது இதற்குக் கதை கட்டுதல் என்றும், சண்டைக்குப் பின் சமாதானமாதல் என்றும் பொருள் உண்டு. 'அவள் அதை இட்டுக்கட்டிச் சொன்னாள்' என்பதற்கு 'ஷி மேட் அப் இட்' என்று எழுதுவது பிழை. 'இட்' போன்ற பிரதிப்பெயர் நடுவில்தான் வர வேண்டும்: 'ஷி மேட் இட் அப்'. 'ஸ்டோரி' போன்ற பெயர்ச்சொல்லானால் 'அப்' என்பதற்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம்.