சாம்பிராணிக்கும் அலறும் புகை அலாரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் புகை அலாரம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலே அலறும். அதன் மேல் தப்பில்லை. உள்ளே இருட்டான சின்னக் கூடு. ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்கு, அதன் ஒளி நேராக விழாத கோணத்தில் ஓர் உணரி. புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியில் படும், உடனே கத்தும். தாளிக்கும் புகை, குளியலறை நீராவி, தூசு, குட்டிப் பூச்சி எல்லாமே அதற்கு ஒன்றுதான். மழை வந்தால் நம் ஊரில் பூச்சிக்குப் பஞ்சமா!

அதனால் அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிக் கூரையில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை வெளித் துளைகளில் தூசு உறிஞ்சி, சோதனைப் பொத்தானையும் அமுக்கிப் பாருங்கள். 10 ஆண்டானால் புதிது வாங்குங்கள். பேட்டரியை மட்டும் கழற்றாதீர்கள். நான் கழற்றினேன்; அப்புறம் இரண்டு மாதம் மாட்டவே மறந்துவிட்டேன்.