செயலி தயார், பதில் சொல்ல ஆள் தயாரா?

மக்கள் கருத்துச் சொல்ல ஒரு செயலி வேண்டும் என்று முடிவானதும் முதல் கூட்டத்திலேயே பொத்தானின் நிறம் வரை பேசிவிடுவார்கள். வந்து சேரும் மனுவை யார் படிப்பார், எத்தனை நாளில் பதில் தருவார் என்ற பேச்சு கடைசி வாரத்தில்தான் எழும். சில இடங்களில் எழுவதே இல்லை. மற்ற தவறுகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்துவது கடினம், ஏனென்றால் ஏமாந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தைப் பாருங்கள். 10,000 கையெழுத்துக்கு அரசின் பதில்; 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று பரிசீலனை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் பிரெக்சிட் முடிவைக் கைவிடக் கோரிய மனுவில் 2019இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அரசு மறுத்துவிட்டது. ஆனால் மறுப்பு எழுத்தில் வந்தது, விவாதமும் நடந்தது. கேட்டது கிடைக்கவில்லை, கேட்டதற்குக் கணக்கு இருந்தது.

வரம்பை எங்கே வைப்பது என்பதிலும் சறுக்குவார்கள். ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட் 2015இல் தொடங்கிய நகரத் தளத்தில் ஒரு யோசனை வாக்கெடுப்புக்குப் போக, 16 வயதுக்கு மேற்பட்ட நகரவாசிகளில் 1% பேரின் ஆதரவு தேவைப்பட்டது. கேட்கச் சிறிய எண்தான். குவிந்த ஆயிரக்கணக்கான யோசனைகளில் அதைத் தொட்டவை மிகச் சில. ஒரே யோசனையைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதும்போது ஆதரவு சிதறிவிடும். எழுதத் தொடங்கும்போதே 'இதைப் போன்றது ஏற்கெனவே இருக்கிறது' என்று காட்டாத தளத்துக்கு இந்தக் கதி உறுதி.

அடுத்தது பின்னூட்டப் பெட்டி. அதைத் திறந்துவைத்தால் உரையாடல் தானாக நடக்கும் என்று நம்புவது அப்பாவித்தனம். குரல் பெரிதாக உள்ள நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். ஊபர் சேவையை எப்படி முறைப்படுத்துவது என்று 2015இல் தைவானில் விவாதித்தபோது பயன்பட்ட 'போலிஸ்' கருவியில் பதில் எழுதும் வசதியே கிடையாது. (பெயரைப் பார்த்துக் காவல்துறையை நினைக்க வேண்டாம்.) திரையில் ஒரு கூற்று வரும்: ஏற்கிறேன், ஏற்கவில்லை, கடந்து செல்கிறேன். அவ்வளவுதான். மாற்றுக்கருத்து இருந்தால் சொந்தக் கூற்றாக எழுத வேண்டும். அதற்கும் மற்றவர்கள் வாக்களிப்பார்கள். எதிரெதிர் அணிகள் எந்தக் கூற்றில் ஒன்றுபடுகின்றன என்பதை, அந்த வாக்குகளிலிருந்து கருவி வரையும் படம் காட்டிவிடும்.

அடையாளச் சரிபார்ப்பில் இரு பக்கமும் பள்ளம். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2017இல் இணையச் சமநிலை (இணைய நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற கொள்கை) குறித்துக் கருத்துக் கேட்டபோது வந்தவை சுமார் 2.2 கோடி, அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் 2021இல் கண்டறிந்தது. இதற்கு அஞ்சி முதல் திரையிலேயே அடையாள அட்டை கேட்டால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். படிக்க எதுவும் கேட்காதீர்கள். கருத்துச் சொல்ல ஒரு தொலைபேசி எண் போதும். நிதியை ஒதுக்கும் வாக்குக்கு மட்டும் முழுச் சரிபார்ப்பு.

சோதனையை அலுவலக இணைப்பிலேயே முடித்துக்கொள்வதும் வழக்கமான பிழை. கண்ணாடி கீறிய மலிவுக் கைப்பேசியோடு வெயிலில் நின்று, எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'சமர்ப்பி' பொத்தான் திரைக்கு வெளியே போயிருக்கும்.