வகன்ஆரா, யாரிஸா, ஸ்விஃப்ற்றா? சின்னக் கார் எடுக்க முன் அளவு நாடாவை எடுங்கோ

மூன்று காரையும் வரிசையில் நிறுத்திவிட்டு எதை எடுக்கலாம் என்று கேட்டால், கோண்டாவிலில் இருந்து கொடிகாமம் வரைக்கும் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். எனக்கும் தாராளமாகக் கிடைத்தது. "வகன்ஆரை எடு, நாளைக்கு விக்கப் போனாலும் காசு" என்றான் மச்சான். கனடாவில் இருக்கிற சித்தப்பாவுக்கு ரொயோட்டாவைத் தவிர வேறு பெயர் காதில் விழாது. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஸ்விஃப்ற். ஒருவர் சொன்னதும் பிழையில்லை. ஆனால் அவர்களில் ஒருவரும் எங்கள் ஒழுங்கைக்குள் கார் திருப்பியதில்லை, எங்கள் அம்மாவைக் காரில் ஏற்றியதுமில்லை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் பழைய காரைத் தேய்த்தவர்களில் நானும் ஒருவன். இங்கே "புதுக் கார்" என்று நான் எழுதுவது ஜப்பானில் கொஞ்சம் ஓடி, இங்கே இன்னும் பதியாமல் வருவதை. விலை எழுதப்போவதில்லை, எழுதி முடிக்க முன்னமே மாறிவிடும். இறக்குமதி வரி எஞ்சின் சிசியோடும் ஏறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கோ. 1000, 1300, 1500 என்று எல்லைகள் இருக்கின்றன. யாரிஸின் சின்ன எஞ்சின் 996 சிசி என்பதால் முதல் எல்லைக்குள் நிற்கிறது. 1197 சிசி ஸ்விஃப்ற் அதைத் தாண்டிவிடுகிறது. லீசிங், காப்புறுதி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதல் வேலை: ஒழுங்கையை அளவுங்கோ

கார் விற்கிற இடத்துக்குப் போக முன் செய்யவேண்டியது இது. போனில் இருக்கிற அளக்கிற அப் எல்லாம் விளையாட்டுச் சாமான். மேசன் வைத்திருக்கிற இரும்பு நாடா ஒன்றைக் கேட்டு வாங்குங்கோ. எங்கள் ஒழுங்கை ஒன்பது அடி. நடுவில் ஒரு முடக்கு, ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தகர வேலி.

வகன்ஆரின் அகலம் 1475 மில்லிமீற்றர், நீளம் 3395. யாரிஸும் ஸ்விஃப்ற்றும் அகலத்தில் ஒன்றுதான், 1695. நீளம் யாரிஸுக்கு 3940, ஸ்விஃப்ற்றுக்கு 3860. கடதாசியில் 22 சென்ரிமீற்றர் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மதிலுக்கும் கதவுக்கும் இடையில் அம்மா இறங்க நிற்கும்போதுதான் தெரியும். இன்னொன்று, இந்த அகலக் கணக்கில் பக்கக் கண்ணாடிகள் சேராது.

திரும்பும் ஆரை வகன்ஆருக்கு 4.4 மீற்றர், ஸ்விஃப்ற்றுக்கும் யாரிஸ் எக்ஸுக்கும் (யாரிஸின் அடிப்படை வகை) 4.8. இது சில்லின் கணக்கு. பம்பர் மூலை அதற்கு வெளியே போகும். நான் சோக்கட்டியால் தரையில் கோடு போட்டு, யாரிஸ், ஸ்விஃப்ற் அளவு அகலமுள்ள காரை வைத்திருக்கிற நண்பனைக் கூப்பிட்டு, முடக்கில் திருப்பச் சொன்னேன். ஒரு தரம் பின்னுக்கு எடுத்துத் திருப்பினால் போகும். சரி, தினமும் ஒரு தரம் பின்னுக்கு எடுக்கலாம்.

அடுத்தது உயரம். வீதியை மேலே மேலே போட்டு உயர்த்திவிட்டார்கள், வீடுகள் கீழே நிற்கின்றன. எங்கள் படலையடியில் சரிவு குத்தென்று இறங்கும். ஸ்விஃப்ற்றின் அடிப்பாகம் நிலத்தில் இருந்து 120 மில்லிமீற்றர், யாரிஸ் 145, வகன்ஆர் 150. ஐந்து பேர் ஏறினால் இன்னும் பதியும். தெரிந்தவரின் ஸ்விஃப்ற்றைக் கொண்டுவந்து இறக்கினோம், "கர்ர்" என்றது. அவருடைய முகத்தைப் பார்த்தபின் இரண்டாம் தரம் கேட்க மனம் வரவில்லை. கார்த்திகை, மார்கழியில் ஒழுங்கைக்குள் தண்ணீர் நிற்கிற வீடுகளுக்கும் இதே கணக்குத்தான். உங்கள் வாசல் மட்டமாக இருந்தால் இந்தப் பந்தியை மறந்துவிடுங்கோ, ஸ்விஃப்ற்றில் வேறு குறை பெரிதாக இல்லை.

இரண்டாவது: ஆட்களை எண்ணுங்கோ (நான் விழுந்த குழி)

ஒழுங்கைக் கணக்கில் வகன்ஆர் வென்றுவிட்டது. அம்மாவை ஏற்றிப் பார்த்தேன். முழங்கால் வருத்தக்காரி. சீற் அவருடைய இடுப்பு உயரத்துக்கே இருந்தது. "இதுக்குள்ள ஏறத் தேவையில்லையடா, இருந்தாச் சரி" என்றார். பின்னால் கால் நீட்ட இடம், தலைக்கு மேலே முழம் கணக்கில் வெளி. அன்று பின்னேரமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் குடும்பத்தோடு பார்க்கப் போனோம். நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் பின்னால் ஏறி, அம்மாவோடு நெருக்கி இருந்து, பெல்ற் போடத் தேடினார்கள். சின்னவள் கேட்டாள்: "அப்பா, என்ர பெல்ற் எங்க?"

இல்லை. பின்னால் இரண்டு பெல்ற்தான். ஜப்பானில் வகன்ஆர், அல்ற்றோ, டைஹட்சு மீரா எல்லாம் "கெய்" என்ற சின்ன வகுப்பு. நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், எஞ்சின் 660 சிசிக்குள் இருக்கவேண்டும். ஆட்கள் சாரதியோடு நாலு பேர்தான். உள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும் அது நாலு பேருக்கான கார். நான் இடத்தைப் பார்த்தேன், பெல்ற்றை எண்ணவில்லை. விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அட்வான்ஸ் முழுதாகத் திரும்பி வரவில்லை. எவ்வளவு போனது என்று இங்கே எழுதமாட்டேன், மனைவியும் இதை வாசிப்பாள்.

"சின்னப் பிள்ளைதானே, மடியில வைச்சாப் போச்சு, ஆர் எண்ணப்போறது?" என்று கேட்டவர்கள் பலர். பொலிஸ் எண்ணுவாரோ தெரியாது. திடீரென்று பிரேக் பிடித்தால் மடியில் இருக்கிற பிள்ளையை எந்தக் கையும் பிடிக்காது. நீங்கள் நாலு பேர் என்றால், இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டு வகன்ஆரை எடுங்கோ. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஐந்து பேர் என்றால் யாரிஸும் ஸ்விஃப்ற்றும்தான் மிச்சம், இரண்டிலும் பின்சீற் ஐந்து நட்சத்திர விடுதி இல்லை. யாரிஸின் பின்கதவு ஒடுக்கம், ஜன்னல் சின்னது, உள்ளே கொஞ்சம் இருட்டு. அம்மா பின்னால் ஏறிப் பார்த்து, "கிணத்துக்குள்ள இறங்கிற மாதிரி இருக்கு" என்றார். அவரை முன்னால் இருத்தினோம், பிரச்சினை பாதி தீர்ந்தது. ஸ்விஃப்ற்றில் 2017 தொடக்கம் வந்த மொடலுக்குப் பின்கதவுப் பிடி மேலே ஜன்னல் ஓரத்தில் ஒளிந்திருக்கும், வயசானவர்கள் தடவித் தேடுவார்கள். 2023 கடைசியில் வந்த புது மொடலில் பிடியைப் பழையபடி கதவிலேயே வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது: நிறைகாரில் ஓடிப் பாருங்கோ

பதியாத காரை விற்கிறவர் தூரம் ஓட விடமாட்டார். அதே மொடலைத் தெரிந்தவரிடமோ வாடகைக்கோ எடுத்து, முழுக் குடும்பத்தையும் ஏற்றி, ஏசி போட்டு, ஏ9 வீதியில் ஆனையிறவு வரைக்கும் போய் வாருங்கோ. தனியே ஓடிப் பார்த்தால் மூன்றும் நல்ல கார்தான்.

வகன்ஆர் 49 குதிரைவலு, யாரிஸ் 69, புது ஸ்விஃப்ற் 82. எங்கள் குடாநாட்டில் மேடு பள்ளம் இல்லை என்பதால் 49 ஊருக்குள் போதும். நிறைகாரில் பஸ்ஸை முந்தப் போகும்போதுதான் எஞ்சின் கத்துவதும் கார் யோசிப்பதும் தெரியும். கண்டிப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கோ.

"மூன்று சிலிண்டர் எடுக்காதையுங்கோ, நடுங்கும்" என்று ஒரு புரோக்கர் ஸ்விஃப்ற் பக்கம் என்னைத் தள்ளினார். இந்த மூன்று காருக்கும், புது ஸ்விஃப்ற் உட்பட, மூன்று சிலிண்டர்தான். நாலு சிலிண்டர் அதற்கு முந்திய ஸ்விஃப்ற்றில் இருந்தது. அவர் பழைய பாடத்தை ஒப்புவிக்கிறார்.

நாலாவது: "லீற்றருக்கு எத்தனை ஓடும்?"

எங்கள் ஆட்களின் முதல் கேள்வி எப்போதும் இதுதான். காரணமும் இருக்கிறது. யுத்த காலத்தில் பெற்றோல் தடையாக இருந்தபோது, காபரேற்றரில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். அப்பா ஓட்டிய மொறிஸ் மைனரின் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

ஆனால் விளம்பரத்தில் இருக்கிற எண் எந்த முறையில் அளந்தது என்று பாருங்கோ. ஜப்பானில் முன்பு ஜேசி 08 என்ற முறை இருந்தது, இப்போது டபிள்யூஎல்ரிசி. பழையது தாராளமாகக் காட்டும். 2017இன் வகன்ஆர் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினுக்கு மின்மோட்டரும் உதவுகிற வகை) ஜேசி 08இல் லீற்றருக்கு 33.4 கிலோமீற்றர். பின்னால் வந்த வகன்ஆர் ஹைபிரிட் புது முறையில் 25.2. கார் கெட்டுப்போகவில்லை, அளவுகோல் கண்டிப்பானது. அதே புது முறையில் யாரிஸ் 996 சிசி 20.2, ஸ்விஃப்ற் ஹைபிரிட் 24.5. முறை தெரியாமல் 33ஐயும் 20ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவது நாங்கள்தான்.

வீட்டில் இருந்து திருநெல்வேலிச் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுகிற சின்ன ஓட்டத்தில் இந்த எண் ஒன்றும் வராது. எஞ்சின் சூடேற முன் வீடு வந்துவிடும். நான் எக்ஸெல் எல்லாம் போடுவதில்லை. டாங்கை நிரப்பி, மீற்றரைப் பூச்சியமாக்கி, அடுத்த முறை நிரப்பும்போது கொப்பியில் எழுதுகிறேன். காரின் திரை காட்டுகிற சராசரியை நம்புகிறதை விட இது மேல்.

கடைசியாக நாங்கள் எடுத்தது யாரிஸ் எக்ஸ். ஐந்து பெல்ற், படலையில் உரசாது, ரயர் விலை கட்டுப்படி. பின்சீற்றைப் பற்றி மனைவி இன்னும் முறைப்பாடு சொல்கிறாள், அதில் நியாயம் இருக்கிறது.

பின்னர் சேர்த்தது

இதை வாசித்துவிட்டு யாரிஸ் எக்ஸ் பார்க்கப் போன ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணை, உங்கட காரில கண்ணாடிக்கு மேல கமரா இருக்கு, நான் பாத்ததில இல்லை, ரண்டும் எக்ஸ்தானே?" நல்ல கேள்வி, நான் எழுத மறந்தது. எக்ஸுக்குள்ளேயே "பீ பக்கேஜ்" என்று ஒன்று இருக்கிறது. அதில் முன்னால் ஆள், வாகனம் வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கிற ரொயோட்டா பாதுகாப்புத் தொகுதி இல்லை. வெளியில் பார்த்தால் ஒரே கார். முன்கண்ணாடியின் உள்பக்கம், நடுக் கண்ணாடிக்குப் பின்னால் கமராப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கோ. வகன்ஆரிலும் வெளியில் பார்த்து வகை தெரியாது. செசி இலக்கம் எம்எச் 95 எஸ் என்று தொடங்கினால் ஹைபிரிட், எம்எச் 85 எஸ் என்றால் சாதாரண எஞ்சின். பின்னால் ஒட்டியிருக்கிற பெயரை யாரும் ஒட்டலாம், செசி இலக்கத்தை வாசியுங்கோ.

இன்னொருவர் இரவில் ஏ9இல் ரயர் வெடித்து நின்றிருக்கிறார். டிக்கியைத் திறந்தால் உபரிச் சில்லு இல்லை, ஒரு போத்தல் பசையும் சின்னப் பம்பும்தான். ஜப்பானில் இருந்து வருகிற சின்னக் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். ஆணி குத்தினால் அந்தப் பசை உதவும், ரயரின் பக்கம் கிழிந்தால் உதவாது. நான் அதே அளவில் ஒரு பழைய சில்லு வாங்கி, கொழும்புப் பயணத்துக்கு மட்டும் டிக்கியில் போடுகிறேன். 400 கிலோமீற்றர் சும்மா இல்லை.

சந்தியில் நின்றால் எஞ்சின் தானே நிற்கிற காரில் சாதாரண பற்றறி போட்டுச் சில மாசத்தில் செத்துவிட்டது என்று ஒருவர். அந்த வகைக்கென்று தனியாகப் பற்றறி இருக்கிறது, விலையும் கூட. வாங்க முன் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிடுங்கோ.

காலையில் கார் ஸ்ராட் பண்ணும்போது ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறதே, பழுதா என்று மூன்று பேர் கேட்டார்கள். பழுதில்லை. ஜப்பானில் நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டுகிற கருவி, காட் போடவில்லை என்று அறிவிக்கிறது. இலங்கையில் அதற்கு வேலையே இல்லை. ஓடியோ பார்க்கிறவரிடம் கொடுத்தால் வயரைக் கழற்றிவிடுவார். எங்கள் வீட்டில் இன்னும் கழற்றவில்லை. அம்மா தினமும் அதற்குக் "காலை வணக்கம், பிள்ளை" சொல்கிறார்.

95 பெற்றோல்தான் அடிக்கவேண்டுமா என்ற கேள்விக்கு: இந்த மூன்றும் ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்குச் செய்தவை. 92 போதும்.