செக், ஸ்லோவாக்கியா பேறுகால விடுப்பை ஒப்பிடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

செக் குடியரசில் மகப்பேறு விடுப்பு 28 வாரம், ஸ்லோவாக்கியாவில் 34 வாரம். உதவித்தொகை செக்கில் சம்பளத்தில் 70 சதவீதம், ஸ்லோவாக்கியாவில் 75. ஆகவே ஸ்லோவாக்கியாதான் தாராளம் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். 1992 கடைசி நாள் வரை இரண்டும் ஒரே நாடு என்பதால், பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. போதாது.

முதலில் எதில் 70, எதில் 75 என்று கேளுங்கள். செக்கில் சம்பளத்தை அப்படியே எடுப்பதில்லை. ஒரு வரம்பு வரை முழுசாக, அதற்கு மேல் உள்ளதில் 60 சதவீதம், அதற்கும் மேல் 30 சதவீதம் என்று வெட்டிக் குறைத்த தொகையில்தான் 70. ஸ்லோவாக்கியாவில் இந்தப் படிகள் கிடையாது, சராசரிச் சம்பளத்தின் இரண்டு மடங்கு என்ற ஒரே உச்சவரம்புதான். ஆக நல்ல சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இரு நாடுகளுக்கும் இடையிலான இடைவெளி 5 சதவீதத்தைவிட மிகப் பெரிது.

அடுத்தது சொல். இரண்டு நாட்டிலும் பேச்சுவழக்கில் ‘மாத்தெர்ஸ்கா’வில் (மகப்பேறு விடுப்பில்) இருக்கிறேன் என்றால், குழந்தையோடு வீட்டில் இருக்கும் மூன்று வருஷத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். சட்டத்தில் அது முதல் சில மாதங்கள் மட்டும். மிச்சம் பெற்றோர் விடுப்பு. அதே வேர்ச்சொல்லில் வரும் ஸ்லோவாக்கிய உதவித்தொகையைத் தந்தையும் தன் பங்காக 28 வாரம் வாங்கலாம். அந்தப் பணத்தை மொத்தமாகத் தாய்மார் கணக்கில் எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற விஷயம்: விடுப்பு வேறு, பணம் வேறு. விடுப்பு என்பது உங்கள் வேலைக்கான பாதுகாப்பு, பணம் அரசு தருவது, இரண்டுக்கும் தனித்தனிக் கெடு. 1995 முதல் செக்கில் பெற்றோர் உதவித்தொகை 4 வயது வரை நீண்டது, வேலைப் பாதுகாப்போ 3 வயதோடு நின்றது. பணம் வருகிறதே என்று நான்காம் வருஷமும் வீட்டில் இருந்த தாய்க்குத் திரும்பிப் போக வேலை இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ‘4 ஆண்டு விடுப்பு’ என்று எழுதுகிறவர்கள் அவளை மறைத்துவிடுகிறார்கள்.

பணத்தையும் மாதக் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள். 2024 கணக்கை எடுத்துக்கொள்வோம். செக்கில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் உதவித்தொகை மொத்தம் 3,50,000 கொருனா (செக் நாணயம்), யூரோவுக்கு 25 என்று வைத்தால் 14,000 யூரோ. ஸ்லோவாக்கியாவில் மகப்பேறு உதவி வாங்கியவருக்குப் பெற்றோர் உதவித்தொகை மாதம் 473.30 யூரோ; மகப்பேறு உதவி முடிந்ததிலிருந்து குழந்தைக்கு 3 வயது ஆகும் வரை சுமார் 29 மாதம் வரும், பெருக்கினால் அதுவும் கிட்டத்தட்ட 14,000! ஆனால் செக் தாய் தன் சம்பளத்தைப் பொறுத்த உச்சவரம்புக்குள் அதைச் சீக்கிரமே வாங்கி முடிக்கலாம், ஸ்லோவாக்கியத் தாய் மாதாமாதம்தான் வாங்க முடியும். காப்பீடு கட்டாத ஒரு மாணவி தாயானால் ஸ்லோவாக்கியாவில் மாதம் 345.20 யூரோதான், செக்கில் அவளுக்கும் அதே 3,50,000.

பிறந்த தேதியையும் பாருங்கள். 2023 டிசம்பர் 31 இரவு செக்கில் பிறந்த குழந்தைக்கு 3,00,000, மறுநாள் பிறந்ததற்கு 3,50,000. அந்த 3,00,000 கொருனா 2020-இல் நிர்ணயித்தது. 2022-இல் விலைவாசி 15 சதவீதம் ஏறியபோதும் அசையவில்லை.

எல்லாம் சோஷலிசக் கால மிச்சம் என்று சொல்வதும் அரைகுறை. 3 ஆண்டு விடுப்பு 1989-இல் வந்தது, சரி. ஆனால் அதே ஆட்சியில் கைக்குழந்தைக் காப்பகங்களும் இருந்தன; அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டது 1989 கடைசியில் அந்த ஆட்சி விழுந்த அப்புறம்தான். தாய் வீட்டில் இருப்பதா வேலைக்குப் போவதா என்ற தேர்வே சுருங்கிப்போனது.

ஆகவே கடைசியாக, காப்பகத்தை விட்டுவிட்டு விடுப்பை மட்டும் ஒப்பிடாதீர்கள். செக்கில் உதவித்தொகை வாங்கிக்கொண்டே 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைக் காப்பகத்தில் விட மாதத்துக்கு இத்தனை மணி என்று வரம்பு உண்டு, 2020-இல்தான் அது 46-லிருந்து 92 ஆனது. ஸ்லோவாக்கியாவில் வேலைக்குத் திரும்பியவர் பெற்றோர் உதவித்தொகையை விட்டுக்கொடுத்து, காப்பகச் செலவுக்கான உதவியை வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் சேர்த்துக் கிடையாது.

ஒரு குழந்தையை நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள். 2024 அக்டோபரில் செக்கில் பிறந்த குழந்தைக்கு 2027 அக்டோபரில் 3 வயது. விடுப்பு அன்றோடு முடிகிறது, 2024 முதல் பிறந்த குழந்தைகளுக்கு உதவித்தொகையின் கெடுவும் 3 வயதுதான். மழலையர் பள்ளியில் ஊராட்சி இடம் தந்தே ஆக வேண்டியது செப்டம்பருக்கு முன்பே 3 வயது நிறைந்தவர்களுக்கு, அதாவது இந்தக் குழந்தைக்கு 2028 செப்டம்பரில். நடுவில் உள்ள 11 மாதம் பாட்டி கையிலா, தனியார் காப்பகத்திலா, இல்லை வேலையை விட்டுவிட்ட அம்மாவோடா என்பதற்கு ‘28 வாரம், 34 வாரம்’ அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.