ஒரே தெரு, பத்துப் படம், ஒரு பக்கம்

புகைப்படமும் அதன் கீழே இரண்டு வரி எழுத்துமாக ஒரு பக்கம் செய்யக் கிளம்பினால், ஊரையே சுற்றி நூறு படம் எடுக்க வேண்டும் என்றுதான் முதலில் கை பரபரக்கும். வேண்டாம். ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் பள்ளிக்கு நடக்கும் தெருவாக இருந்தால் இன்னும் நல்லது. பழகிப்போனதால் கண்ணில் படாமல் போனது அங்கேதான் நிறைய.

படி 1: புறப்படும் முன்
செல்போன் கேமரா போதும். லென்ஸில் விரல் ரேகை படிந்திருக்கும், பருத்தித் துணியால் துடையுங்கள். கேமரா அமைப்பில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் எடுத்த இடம் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். வீட்டில் சொல்லிவிட்டு, கூட ஒரு நண்பரோடு கிளம்புங்கள்.

படி 2: எடுக்காமல் நடங்கள்
முதல் பத்து நிமிடம் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். கேட்ட சத்தம், வந்த வாசனை, சுவரில் பாதி கிழிந்த எழுத்து எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். இவற்றில் பல படத்தில் விழாதவை. பிறகு எழுதும்போது இதுதான் கைகொடுக்கும்.

படி 3: படம்
ஒரே காட்சியை மூன்று தூரத்தில் எடுங்கள்: தெருவோடு சேர்த்து, ஆளோடு, கையை மட்டும். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படம் பிசிறடிக்கும். நாலு எட்டு முன்னால் போங்கள். உச்சி வெயிலில் கண்களுக்குக் கீழே நிழல் கறுப்பாக விழும். காலையும் மாலையும்தான் சரி. பின்னால் வெளிச்சம் அடித்து முகம் இருண்டால், திரையில் அந்த முகத்தைத் தொடுங்கள், வெளிச்சம் அதற்கேற்ப மாறும்.

ஆட்களை எடுக்கும் முன் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்கவே கூடாது.

படி 4: எழுத்து
பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் படத்துக்குக் கீழே 'ஒரு பெரியவர் கடிகாரத்தைச் சரிசெய்கிறார்' என்று எழுதுவார்கள். அதுதான் படத்திலேயே தெரிகிறதே! அன்று நோட்டில் என்ன குறித்தீர்கள் என்று பாருங்கள். 'பேட்டரியைப் போட்டுவிட்டுக் காதோரம் வைத்துக் கேட்டார். "ஓடுது" என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமலே.' இப்படி இரண்டே வரி. அன்று இரவே எழுதிவிடுங்கள், மறுநாள் அந்த "ஓடுது" மறந்துபோகும்.

படி 5: கழிப்பது
பத்துப் படம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள். அப்புறம் அந்தப் பெரியவரின் படத்தை ஒரு பிரதி போட்டு அவரிடமே கொடுங்கள். அடுத்த முறை கேமராவைப் பார்த்து அவர் விறைக்க மாட்டார்.